வெங்காயத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவது எப்படி? கன உலோக மாசை உயிரிகளைக் கொண்டு கண்டறிய ஒரு முழுமையான வழிகாட்டி

பாலாற்றுப் படுகையில் ஒரு கிணற்றிலிருந்து எடுத்துவந்த தண்ணீரில் பத்துச் சின்ன வெங்காயங்களை வைத்தோம். நான்காம் நாள் காலையில் பார்த்தபோது, நல்ல தண்ணீரில் இருந்தவை விரல் நீளத்துக்கு வேர் விட்டிருந்தன. கிணற்றுத் தண்ணீரில் இருந்தவை நகக்கண் அளவைத் தாண்டவில்லை. மாணவர்கள் உடனே குறிப்பேட்டில் “குரோமியம்” என்று எழுதிவிட்டார்கள். நானும் மறுக்கவில்லை. சுற்றிலும் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் உள்ள ஊர். வேறென்ன காரணம் இருக்கப்போகிறது? அடுத்த வாரம் யாரோ ஒரு மாணவி, வெறும் கல்லுப்பைக் கரைத்த தண்ணீரிலும் பத்து வெங்காயம் வைத்துப் பார்க்கலாமே என்றாள். வைத்தோம். அவையும் அதே நகக்கண் அளவில் நின்றன. எங்கள் குரோமியம் உப்பாகிவிட்டது.

வெங்காயம் எதையும் தவறாகச் சொல்லவில்லை. “எனக்கு இங்கே சரியில்லை” என்றது. அவ்வளவுதான் அதற்குச் சொல்லத் தெரியும். காரணத்தை நாங்களே எழுதி, அதன் வாயில் போட்டோம். உயிரிகளைக் கொண்டு மாசைக் கண்டறியும் வேலையில் பாதி, உயிரியை வளர்ப்பது. மீதிப் பாதி, அதைக் குறுக்கு விசாரணை செய்வது. பெரும்பாலான செய்முறைக் குறிப்புகள் முதல் பாதியோடு நின்றுவிடுகின்றன. இந்த வழிகாட்டி இரண்டாம் பாதிக்காக எழுதப்பட்டது.

கருவிகள் இருக்கும்போது வெங்காயம் எதற்கு என்று கேட்கலாம். ஆய்வகக் கருவி, அமிலத்தில் கரைத்த மாதிரியில் ஈயம் எத்தனை மைக்ரோகிராம் என்று துல்லியமாகச் சொல்லும். அதில் எவ்வளவு உயிருள்ள செல்லுக்குள் நுழையக்கூடியது என்று சொல்லாது. களிமண்ணோடு ஒட்டிக்கிடக்கும் உலோகமும் கரைந்து திரியும் உலோகமும் கருவியின் மொத்தக் கணக்கில் ஒன்றுதான், வேருக்கு அப்படியல்ல. அதோடு, கருவிக்கு ஒரு மாதிரியை அனுப்பும் செலவில் நூறு வெங்காயம் வாங்கலாம். எந்தக் கிணற்று மாதிரியைக் கருவிக்கு அனுப்புவது என்று முடிவு செய்யவாவது வெங்காயம் வேண்டும்.

மூன்று வகைச் சாட்சிகள்

கத்துகிற உயிரிகள் ஒரு வகை. நஞ்சு பட்டால் அவற்றின் வளர்ச்சி நிற்கும், நீச்சல் நிற்கும், ஒளி மங்கும். வெங்காய வேர், டாஃப்னியா என்கிற நீர்த்தெள்ளு, கடலில் ஒளிரும் அலிவிப்ரியோ ஃபிஷரி என்ற பாக்டீரியா ஆகியவை இதில் சேரும். டாஃப்னியா சோதனையில், பிறந்து 24 மணி நேரம் ஆகாத குஞ்சுகளை 48 மணி நேரம் மாதிரி நீரில் விட்டு, எத்தனை அசையாமல் போயின என்று எண்ணுவார்கள். ஒளிரும் பாக்டீரியா 15 அல்லது 30 நிமிடத்தில் பதில் சொல்லிவிடும்.

சேர்த்துவைக்கிற உயிரிகள் இன்னொரு வகை. இவை கத்துவதில்லை, கணக்குப் பிள்ளை மாதிரி மாதக்கணக்கில் உள்ளே வரவு வைத்துக்கொண்டே இருக்கும். லைக்கன் (கல்பாசி வகை), மாஸ் (மதிலில் படரும் பச்சைப் பாசி), கடல் ஆளி என்கிற சிப்பி இந்த வகை. ஒரு நாள் எடுத்த தண்ணீர் அந்த நாளின் கதையை மட்டும் சொல்லும். ஆளியின் சதை பல வாரக் கதையைச் சொல்லும். 1975இல் அமெரிக்கக் கடல் வேதியியலாளர் எட்வர்ட் கோல்ட்பெர்க், உலகக் கடற்கரைகளை ஆளிகளை வைத்தே கண்காணிக்கலாம் என்று முன்மொழிந்தார். அமெரிக்காவில் 1986 முதல் அது ஓர் அரசுத் திட்டமாக நடந்துவருகிறது. நம் கரையோரப் பாறைகளில் ஒட்டிக்கிடக்கும் பச்சை ஆளியையும் இதற்குப் பயன்படுத்துகிறார்கள்.

மூன்றாவது வகை, குறிப்பிட்ட உலோகத்தின் பெயரையே சொல்லும்படி மரபணு மாற்றிய பாக்டீரியாக்கள். இவற்றைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். வீட்டிலோ பள்ளியிலோ செய்யக்கூடியது முதல் வகை என்பதால், அதற்கே அதிக இடம் கொடுக்கிறேன்.

முதல் படி: தண்ணீர் எடுப்பது

வெங்காயச் சோதனையின் தலைவிதி பாட்டிலிலேயே எழுதப்பட்டுவிடும். புதிய பிளாஸ்டிக் பாட்டிலை, எடுக்கப்போகும் தண்ணீராலேயே மூன்று முறை அலசிவிட்டு, கழுத்து வரை நிரப்பி மூடுங்கள். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு பாட்டில்கள் வேண்டும். ஒன்று வெங்காயத்துக்கு: அதில் எதையும் சேர்க்கக்கூடாது, ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சோதனையைத் தொடங்கிவிட வேண்டும். மற்றது ஆய்வகத்துக்கு: உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டாமல் இருக்க அதில் நைட்ரிக் அமிலம் சேர்ப்பார்கள். இரண்டும் மாறிவிட்டால் அமிலத்தில் வெங்காயம் கருகும். அதைப் பார்த்துப் பெரிய மாசு என்று நீங்கள் மகிழ்ந்துவிடும் ஆபத்து உண்டு. அமில பாட்டிலுக்கு மூடியிலேயே சிவப்புப் பட்டை ஒட்டுங்கள்.

இடத்தேர்வுக்கு எளிய விதி ஒன்று இருக்கிறது. சந்தேகப்படும் கழிவு சேரும் இடத்துக்கு மேல்புறம் ஒன்று, கீழ்ப்புறம் ஒன்று, இரண்டுக்கும் தொடர்பில்லாத, ஆனால் அதே மாதிரி மண்ணும் பாறையும் உள்ள இடத்தில் ஒன்று. மூன்றாவதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்; பிறகு வருந்துகிறார்கள். கிணறு என்றால் முதலில் சில நிமிடம் இறைத்துக் கொட்டிவிட்டு எடுங்கள்.

எடுத்த இடத்திலேயே மூன்று அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: டி.டி.எஸ். மீட்டரில் உப்பின் அளவு, பி.எச். தாளில் அமிலத்தன்மை, தண்ணீரின் நிறமும் வாடையும். மஞ்சள் நிறம் தென்பட்டால் அதைத் தடித்த எழுத்தில் எழுதுங்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இரண்டாம் படி: சாட்சிகளைத் தேர்ந்தெடுப்பது

வெங்காய வேர் நுனியை இந்த வேலைக்குக் கொண்டுவந்தவர் சுவீடனின் ஆல்பர்ட் லெவான். 1938இல், கால்ச்சிசின் என்ற தாவர நஞ்சு செல் பிரிதலை எப்படிக் குலைக்கிறது என்பதை வெங்காய வேரில் காட்டினார். 1985இல் கெய்ரிட் ஃபிஸ்கெஷோ அதை மாசுச் சோதனைக்கான ஒழுங்கான முறையாக்கினார். வெங்காயத்தில் 16 குரோமோசோம்கள்தான் இருக்கின்றன, அவையும் பெரியவை. பள்ளி நுண்ணோக்கியிலேயே தெரியும். விலங்கு எதையும் கொல்ல வேண்டியதில்லை. சந்தையில் கிலோக் கணக்கில் கிடைக்கிறது.

நமக்குச் சின்ன வெங்காயம் வசதி. பெரிய வெங்காயத்தின் அதே இனம்தான். ஒரே விவசாயியிடம், ஒரே அறுவடையில் வந்த வெங்காயமாக ஒன்றரைக் கிலோ வாங்குங்கள். அறுவடையான உடனே உறக்கத்தில் இருக்கும், வேர் விடத் தயங்கும். சில வாரம் காய்ந்ததாக இருக்கட்டும். முளைக்காமல் இருக்க மருந்தடித்ததோ கதிர்வீச்சுப் பாய்ச்சியதோ வேண்டாம். ஒட்டியிருப்பவற்றைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி அடித்தட்டு இருப்பதைப் பாருங்கள். ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் விட்டம் உள்ளவற்றை மட்டும் பொறுக்கினால் ஏறக்குறைய 150 தேறும்.

சருகுத் தோலை உரித்து, அடியில் உள்ள காய்ந்த பழைய வேர்களைப் பிளேடால் மெல்லச் சீவுங்கள். அந்த அடித்தட்டின் விளிம்பில் வளையமாக வேர் மொட்டுகள் உறங்குகின்றன. ஆழமாகச் சீவினால் அவையும் போய்விடும். கை பழக ஐந்தாறு வெங்காயம் பலியாகும். அவற்றைச் சாம்பாரில் போட்டுக்கொள்ளலாம். சோதனையில் இறங்கிய வெங்காயத்தை ஒருபோதும் சமையலறைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

எல்லாவற்றையும் முதல் 24 மணி நேரம் நல்ல தண்ணீரில் வேர் விடவையுங்கள். மறுநாள், சில மில்லிமீட்டர் வேர் ஒரே சீராக வந்திருக்கும் 100 வெங்காயங்களை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளுங்கள். பிறவியிலேயே சோம்பலான வெங்காயத்தின் பழி தண்ணீர்மேல் விழாமல் இருக்க இதுதான் வழி.

மூன்றாம் படி: பத்துக் கேள்விகள்

இங்கேதான் வழிகாட்டியின் உயிர் இருக்கிறது. நூறு வெங்காயத்தைப் பத்துப் பத்தாகப் பிரியுங்கள். ஒவ்வொரு பத்தும் ஒரு கேள்வி.

1. நல்ல தண்ணீர். தொடர்பில்லாத கிணற்று நீரே சிறந்தது. குழாய் நீர் என்றால் குளோரின் போக ஓர் இரவு திறந்துவையுங்கள். பெட்ரோல் பங்கில் விற்கும் பேட்டரித் தண்ணீரை மட்டும் தனியாக வைத்தால் வேருக்குச் சுண்ணாம்புச் சத்து இல்லாமல் போகும். அதைக் கலவைகள் தயாரிக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.
2. மாதிரி நீர், கலப்பில்லாமல்.
3. மாதிரி பாதி, நல்ல தண்ணீர் பாதி.
4. மாதிரி கால் பங்கு, நல்ல தண்ணீர் முக்கால் பங்கு.
5. உப்பு நீர். நல்ல தண்ணீரில் அயோடின் கலக்காத கல்லுப்பைக் கரைத்து, டி.டி.எஸ். மீட்டர் மாதிரி நீரின் அதே எண்ணைக் காட்டும்வரை சேருங்கள்.
6. மாதிரி நீரில் லிட்டருக்கு 10 மி.கி. இ.டி.டி.ஏ.
7. மாதிரி நீரில் லிட்டருக்கு 30 மி.கி. இ.டி.டி.ஏ.
8. நல்ல தண்ணீரில் லிட்டருக்கு 30 மி.கி. இ.டி.டி.ஏ.
9. நல்ல தண்ணீரில் லிட்டருக்கு 1 மி.கி. தாமிரம்.
10. ஒன்பதாவது கலவையோடு லிட்டருக்கு 30 மி.கி. இ.டி.டி.ஏ.

இ.டி.டி.ஏ. என்பது உலோக அயனிகளை நண்டுக் கொடுக்கு மாதிரி கவ்விக்கொள்ளும் ஒரு வேதிப்பொருள். ஆய்வகப் பொருள் விற்கும் கடைகளில் டைசோடியம் உப்பாகக் கிடைக்கும். கவ்வப்பட்ட உலோகம் தண்ணீரிலேயே இருந்தாலும் வேருக்குள் எளிதில் நுழையாது. ஆக, இதைச் சேர்த்ததும் வேர் மீண்டு வளர்ந்தால், அதுவரை தடுத்துக்கொண்டிருந்தது உலோகம் என்பதற்கு அது வலுவான அறிகுறி. கழிவுநீரில் நஞ்சு எந்த வகை என்று தரம் பிரிக்க அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வகுத்த முறையிலும் இந்த உத்தி ஒரு படி. கடின நீரில் உள்ள கால்சியத்தையும் இ.டி.டி.ஏ. பிடிக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பிடி தளர்வானது. தாமிரமோ ஈயமோ காட்மியமோ வந்தால் கால்சியத்தை விட்டுவிட்டு அவற்றைப் பற்றிக்கொள்ளும்.

இருப்புக் கரைசல் செய்வது சுலபம். ஒரு கிராம் இ.டி.டி.ஏ.வை ஒரு லிட்டர் பேட்டரித் தண்ணீரில் கரையுங்கள். அதில் 1 மில்லிலிட்டரை 100 மில்லிலிட்டர் மாதிரியில் சேர்த்தால் லிட்டருக்கு 10 மி.கி. ஆகிவிடும், 3 மில்லிலிட்டர் சேர்த்தால் 30. கலந்து சில மணி நேரம் வைத்திருந்து பிறகு பயன்படுத்துங்கள், கவ்விக்கொள்ள அவகாசம் வேண்டும். தாமிரத்துக்கு மயில்துத்தம். 3.93 கிராமை ஒரு லிட்டரில் கரைத்தால் லிட்டருக்கு 1000 மி.கி. தாமிரம் கிடைக்கும், அதில் 1 மில்லிலிட்டரை ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் விட்டால் வேண்டிய அளவு. கையுறை போடுங்கள், இரண்டு கரைசலையும் குழந்தைகள் கைக்கு எட்டாமல் பூட்டிவையுங்கள்.

ஒன்பதும் பத்தும் எதற்கு என்று மாணவர்கள் எப்போதும் கேட்பார்கள். நம் வெங்காயத்துக்கு உலோகம் உறைக்கிறதா என்பதை ஒன்பது சொல்லும். நாம் கரைத்த இ.டி.டி.ஏ. வேலை செய்கிறதா என்பதைப் பத்து சொல்லும். இவை இரண்டும் தவறினால் மற்ற எட்டையும் நம்பாதீர்கள். எட்டாவது, இ.டி.டி.ஏ.வே வேருக்குத் தொல்லை தருகிறதா என்று பார்க்க.

நான்காம் படி: நான்கு நாள் காவல்

சிறிய தேநீர்க் கோப்பைகளில் கலவையை நிரப்பி, துளையிட்ட தெர்மோகோல் தகட்டில் வெங்காயத்தை உட்காரவைத்து, அடித்தட்டு மட்டும் தண்ணீரைத் தொடும்படி மிதக்கவிடுங்கள். வெங்காயத்தின் உடல் நனைந்தால் அழுகும். நேர் வெயில் படாத, ஒரே சீரான வெப்பமுள்ள மூலை போதும்.

சாக்கடை கலந்த மாதிரி நீரில் உயிர்வளி இருக்காது. வேர் மூச்சுத் திணறிச் செத்தால் அதையும் உலோகத்தின் கணக்கில் எழுதிவிடுவோம். ஊற்றுமுன் எல்லாக் கலவைகளிலும், நல்ல தண்ணீர் உட்பட, மீன் தொட்டி பம்பால் ஒரு மணி நேரம் காற்று ஊதுங்கள். 24 மணி நேரத்துக்கு ஒருமுறை கோப்பைகளில் புதிய கலவை மாற்றுங்கள். மாதிரியின் பி.எச். 5க்குக் கீழோ 9க்கு மேலோ இருந்தால் அதுவே வேரைத் தடுக்கும். ஒரு பகுதியை 7க்கு அருகே கொண்டுவந்து அதையும் ஒரு தொகுதியாக வையுங்கள். பி.எச். மாறும்போது சில உலோகங்கள் வீழ்படிவாகிவிடும் என்பதை மனதில் வைத்துக்கொண்டே அந்த முடிவைப் படியுங்கள்.

இன்னொன்று, கோப்பைகளில் “நல்லது”, “கெட்டது” என்று எழுதாதீர்கள். சோதனையில் ஈடுபடாத ஒருவரிடம் கொடுத்து எண்களை மட்டும் எழுதச் சொல்லுங்கள். விடை அவர் சட்டைப்பையில் இருக்கட்டும். அளவுகோலை வைக்கும் கைக்கு, தான் எதிர்பார்க்கும் விடையின் பக்கம் அரை மில்லிமீட்டர் சாயும் பழக்கம் உண்டு. என் கைக்கும் உண்டு.

72 மணி நேரம் முடிந்ததும் ஒவ்வொரு வெங்காயத்தின் எல்லா வேர்களையும் அளந்து சராசரி எடுங்கள். தொடக்கத்தில் இருந்த நீளத்தைக் கழித்துவிடுங்கள். நல்ல தண்ணீரில் சராசரி வளர்ச்சி 40 மி.மீ., மாதிரியில் 18 மி.மீ. என்றால், வளர்ச்சி 45 விழுக்காடு. தடை 55 விழுக்காடு. பத்து வெங்காயங்களின் எண்களையும் ஒரு கோட்டின்மேல் புள்ளிகளாக வைத்துப் பாருங்கள். இரண்டு தொகுதிகளின் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து கிடந்தால், சராசரியில் தெரியும் வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நீளத்தோடு முகத்தையும் பாருங்கள். வேர் நுனி கொக்கி போல வளைந்திருக்கிறதா, தடித்துக் குமிழாகிவிட்டதா, பழுப்பேறியதா, தொட்டால் ஒடிகிறதா? படம் எடுத்துவையுங்கள்.

ஐந்தாம் படி: பதிலைப் படிப்பது

மாதிரியில் வேர் குறுகியிருக்கிறது, உப்பு நீரிலும் அதே அளவு குறுகியிருக்கிறது என்றால், உங்கள் கதை எங்கள் முதல் ஆண்டுக் கதை. உப்பு, உலோகத்தின் குரலை மூழ்கடித்துவிட்டது. பாதியும் கால் பங்கும் கலந்த தொகுதிகளைப் பாருங்கள். நீர்த்த நிலையிலும், அந்த அளவு உப்பில் வேர் எவ்வளவு வளரும் என்று நீங்கள் எதிர்பார்க்கிறீர்களோ அதைவிட மோசமாக இருந்தால் மட்டுமே மேலே விசாரிக்கலாம்.

உப்பு நீரில் வேர் நன்றாக இருக்கிறது, மாதிரியில் இல்லை, இ.டி.டி.ஏ. சேர்த்ததும் மீள்கிறது என்றால், தாமிரம், துத்தநாகம், நிக்கல், காட்மியம், ஈயம் போன்ற நேர்மின் அயனிகளில் ஒன்றோ பலவோ இருப்பதாகச் சந்தேகிக்க நல்ல காரணம் கிடைத்துவிட்டது. எது என்று வெங்காயம் சொல்லாது.

இ.டி.டி.ஏ. சேர்த்தும் மீளவில்லை என்றால் உலோகம் இல்லை என்று எழுதிவிடாதீர்கள். இது எல்லோரும் விழும் குழி. தோல் தொழிற்சாலைப் பகுதிகளில் இன்னும் ஆழமான குழி. குரோமியத்துக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. பதனிடும் தொட்டியில் சேர்ப்பது மூவிணைதிற குரோமியம். அது காரத்தன்மையுள்ள நீரில் வீழ்படிவாகிச் சேற்றில் தங்கிவிடும். அதைவிடப் பல மடங்கு கொடியது அறுவிணைதிற குரோமியம். அது ஆக்சிஜனோடு சேர்ந்து குரோமேட் என்ற எதிர்மின் அயனியாகத் திரிகிறது, நிலத்தடி நீரோடு ஓடுகிறது, தண்ணீருக்கு மஞ்சள் நிறம் தருகிறது. எதிர்மின் அயனியை இ.டி.டி.ஏ.வால் கவ்வ முடியாது. ஆர்செனிக்கையும் அப்படியே. ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற, இரண்டு லட்சம் டன்னைத் தாண்டும் கழிவு மேட்டிலிருந்து கசிவது இந்த அறுவிணைதிறக் குரோமியம்தான். அந்தப் பக்கத்து மஞ்சள் தண்ணீரில் இ.டி.டி.ஏ. சோதனையை மட்டும் நம்பினால் குற்றவாளியைக் கையோடு விடுதலை செய்துவிடுவோம். அமிலமாக்கிய மாதிரியில் டைஃபீனைல்கார்பசைடு சேர்த்தால் அறுவிணைதிறக் குரோமியம் செவ்வூதா நிறம் காட்டும். கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் பத்து நிமிட வேலை.

மீளாததற்கு அம்மோனியா, பூச்சிக்கொல்லி, சாயம் என்று உலோகமல்லாத காரணங்களும் உண்டு.

கடைசி வாய்ப்பு: எந்தத் தொகுதியிலும் வித்தியாசம் இல்லை. உடனே அந்தத் தண்ணீரைக் குடிக்கலாம் என்று ஊரில் சொல்லிவிடாதீர்கள். இந்தியத் தரநிலையின்படி குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மி.கி., காட்மியம் 0.003 மி.கி., பாதரசம் 0.001 மி.கி. அளவைத் தாண்டக்கூடாது. அந்த அளவில் ஈயம் இருந்தால் வெங்காய வேர் அசையக்கூட அசையாது. குழந்தையின் மூளை அசையும். தாமிரமோ நேர்மாறு: மனிதர் தாங்கும் அளவிலேயே வேர் துவண்டுவிடும். வெங்காயத்தின் அளவுகோல் வேறு, நம் உடலின் அளவுகோல் வேறு.

ஆறாம் படி: செல்லுக்குள் பார்ப்பது

நுண்ணோக்கி இல்லாதவர்கள் இந்தப் படியைத் தாண்டிச் செல்லலாம். இருப்பவர்கள் தவறவிடாதீர்கள். வேர் நீளம் குறையாத தண்ணீரிலும் செல்லுக்குள் சேதம் தெரிவதுண்டு.

எல்லாத் தொகுதியிலும் ஒரே நேரத்தில், ஒவ்வொரு வெங்காயத்திலிருந்தும் சில வேர் நுனிகளை வெட்டி, மூன்று பங்கு எத்தில் ஆல்கஹாலும் ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் கலந்த திரவத்தில் ஒரு நாள் ஊறவிடுங்கள். பிறகு 60 பாகை வெப்பமுள்ள நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஐந்து நிமிடம் போல வைத்தால் திசு மென்மையாகும். கழுவி, நுனியின் கடைசி 2 மில்லிமீட்டரை மட்டும் கண்ணாடி வில்லையில் எடுத்து, அசிட்டோகார்மைன் என்ற சாயம் ஒரு சொட்டு விட்டு, மூடுவில்லையை வைத்து, வடிதாளால் போர்த்திக் கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள். விரல் வழுக்கினால் செல்கள் உருண்டுவிடும்.

ஒரு வெங்காயத்துக்கு ஆயிரம் செல், தொகுதிக்கு ஐந்து வெங்காயமாவது எண்ணுங்கள். பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் நூற்றுக்கு எத்தனை என்பது முதல் எண். இரண்டாவது, கோளாறுகள்: பிரியும்போது இரு முனைகளுக்கும் நடுவே பாலம் போல இழுபடும் குரோமோசோம், பின்தங்கி நிற்கும் குரோமோசோம், பசை பூசியது போல ஒட்டிக்கொண்ட குரோமோசோம்கள், முதன்மைக் கருவுக்கு அருகே துணுக்காகக் கிடக்கும் நுண்கரு. இழுத்துப் பிரிக்கும் கதிர் இழைகள் குலைந்துபோய், இரட்டித்த குரோமோசோம்கள் போக்கிடம் தெரியாமல் செல் நடுவே சிதறிக்கிடப்பதையும் பார்க்கலாம். லெவான் அன்று கால்ச்சிசினில் கண்ட காட்சி இது. பாதரசச் சேர்மங்களும் இதையே செய்கின்றன. எண்ணும்போது சலிப்பு வரும். சலிப்பு வந்தால் நிறுத்திவிட்டு மறுநாள் எண்ணுங்கள்; சலித்த கண்ணுக்கு நுண்கரு எல்லாம் அழுக்காகத் தெரியும்.

காற்றில் கலந்திருந்தால்: கல்பாசியின் உறவினர்கள்

காற்றில் வரும் உலோகத்துக்கு வெங்காயம் உதவாது. அதற்கு லைக்கனும் மாஸும். லைக்கனை உங்களுக்குத் தெரியும்; பிரியாணிக்குப் போடும் கல்பாசி ஒரு லைக்கன்தான். மாஸ் என்பது மழைக்காலத்தில் மதில்மேல் பச்சைக் கம்பளமாக விரிவது; பேச்சில் அதையும் பாசி என்றே சொல்லிவிடுகிறோம். இரண்டுக்கும் உண்மையான வேர் கிடையாது. பெரும்பாலும் மழையிலிருந்தும் காற்றிலிருந்துமே உண்கின்றன, தடுக்கும் மெழுகுத் தோலும் இல்லை என்று சொல்லலாம். காற்றில் எது மிதந்தாலும் உள்ளே வரவு.

கொடைக்கானலில் 2001இல் மூடப்பட்ட பாதரச வெப்பமானித் தொழிற்சாலையைச் சுற்றிய மரங்களின் லைக்கனையும் மாஸையும் ஐதராபாத்திலுள்ள அணுசக்தித் துறை ஆய்வகத்தினர் எடுத்து அளந்தார்கள். ஒப்பிடத் தொலைவிலுள்ள பேரிஜம் ஏரிப் பகுதியிலிருந்தும் எடுத்தார்கள். ஆலையருகே பாதரசம் பன்மடங்கு கூடுதலாக இருந்தது. 2003இல் அது வெளியானது. நான் முதல் படியில் சொன்ன “தொடர்பில்லாத மூன்றாவது இடம்”தான் அந்தப் பேரிஜம்.

இதைவிட எனக்குப் பிடித்தது அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரக் கதை. 2013 டிசம்பரில் அந்நாட்டு வனத்துறை ஆய்வாளர்கள் நகரத்து மரங்களிலிருந்து 346 மாஸ் மாதிரிகளைச் சுரண்டி எடுத்து, காட்மியத்துக்கு வரைபடம் போட்டார்கள். யாரும் சந்தேகித்திராத இரண்டு இடங்கள் சிவப்பாக எரிந்தன. இரண்டின் அருகிலும் வண்ணக் கண்ணாடி செய்யும் ஆலைகள். 2015இல் ஒன்றின் அருகே காற்று அளவிகளை வைத்தபோது, காட்மியம் மாநிலத்தின் பாதுகாப்பு அளவைப்போல் 49 மடங்கு இருந்தது. காற்று அளவிகள் விலை உயர்ந்தவை, நகரத்துக்குச் சிலவே இருக்கும். மாஸோ மரத்துக்கு மரம் இருந்தது.

சமவெளி ஊர்களில் மாஸ் அரிது என்பதால் மாஸ் பைகளைத் தொங்கவிடலாம். சுத்தமான இடத்து மாஸைப் பேட்டரித் தண்ணீரில் பலமுறை அலசி, உலர்த்தி, மூன்று கிராம் அளவில் நைலான் வலைப்பையில் தைத்து, ஆள் கைக்கு எட்டாத உயரத்தில் நான்கு முதல் ஆறு வாரம் தொங்கவிடுங்கள். மூன்று பைகளை மூடிய உறையில் தொங்கவிடாமல் வைத்திருங்கள். கழிக்க வேண்டிய தொடக்கக் கணக்கு அதுதான். காட்டிலிருந்து சுரண்ட வனத்துறை அனுமதி வேண்டும். தோட்டத்து மதிலே போதும். கடைசியில் இதை ஆய்வகத்தில் கரைத்து அளக்கத்தான் வேண்டும். கணக்குப் பிள்ளை பேசமாட்டார், ஏட்டைத்தான் புரட்ட வேண்டும்.

பெயர் சொல்லும் பாக்டீரியா

பாதரசத்தோடு வாழப் பழகிய பாக்டீரியாக்களிடம் ஒரு காவல் புரதம் இருக்கிறது. மெர்ஆர் என்று பெயர். பாதரசம் இல்லாதபோது அது மரபிழையின் (டி.என்.ஏ.) ஒரு குறிப்பிட்ட இடத்தில் உட்கார்ந்து, எதிர்ப்பு மரபணுக்களை உறங்கவைக்கும். பாதரச அயனி வந்து ஒட்டியதும் உருமாறி, அந்த இழையைச் சற்றே முறுக்கி, மரபணுக்களை எழுப்பிவிடும். எழுப்பப்படும் மரபணுவுக்குப் பின்னால் மின்மினி போல ஒளிரும் மரபணுவை ஒட்டவைத்தால் என்ன ஆகும்? பாதரசம் பட்டால் பாக்டீரியா ஒளிரும். 1993இல் செலிஃபோனோவா, பர்லேஜ், பார்க்கே மூவரும் இதைச் செய்துகாட்டினார்கள்.

ஆர்செனிக்குக்கு ஆர்ஸ்ஆர் என்ற இன்னொரு காவலர். இவர் முறை வேறு: ஆர்செனிக் பட்டதும் மரபிழையை விட்டு விலகிவிடுவார், கதவு திறக்கும். உறைய வைத்து உலர்த்திய இத்தகைய பாக்டீரியாக்களைக் குப்பிகளில் அடைத்து, வங்கதேசக் கிராமத்துக் கிணறுகளில் களத்திலேயே சோதித்து 2012இல் முடிவு வெளியிட்டார்கள். சில மணி நேரத்தில், லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் அளவிலும் இவை பதில் தரும். எல்லாக் காவலரும் இவ்வளவு கறார் இல்லை. துத்தநாகத்துக்காக வைத்தவர் ஈயத்துக்கும் காட்மியத்துக்கும் கதவைத் திறந்துவிடுவார்.

மரபணு மாற்றிய உயிரிகளை இந்தியாவில் கையாள 1989ஆம் ஆண்டு விதிகளின்படி நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதல் வேண்டும். எனவே இதைப் பள்ளித் திட்டமாக எண்ண வேண்டாம். ஒப்புதல் பெற்ற கல்லூரியோடு கைகோத்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: அறிக்கையும் அடுத்த பாட்டிலும்

இந்த விசாரணையில் எனக்கு முன்னோடியாகத் தோன்றுபவர் ஜப்பானின் ஹோசோகாவா ஹாஜிமே. ஒரு வேதிப்பொருள் ஆலையின் பாதரசக் கழிவு கலந்த மினமாட்டா விரிகுடாவில் 1950களில் பூனைகள் வெறிபிடித்தது போல ஆடிச் செத்ததை ஊரே பார்த்தது. ஆனால் “பூனைக்குச் சரியில்லை” என்பதோடு அந்தச் சாட்சியம் நின்றது. 1959இல், ஆலை மருத்துவமனையின் மருத்துவரான அவர், அசிட்டால்டிஹைடு பிரிவின் கழிவை மட்டும் தனியே எடுத்து உணவில் கலந்து ஒரு பூனைக்குக் கொடுத்தார். 400 என்று எண்ணிட்ட அந்தப் பூனைக்கு அதே நோய் வந்தது. முடிவை நிறுவனம் வெளியே விடவில்லை. ஒரு குழாயை மட்டும் பிரித்தெடுத்து அவர் கேட்ட கேள்வி, நம் ஆறாவது, ஏழாவது தொகுதிகளின் மூதாதை.

உங்கள் அறிக்கையில் “உலோக மாசு நிரூபணம்” என்று தலைப்பு வைக்காதீர்கள். எந்தக் கிணறு, எந்தத் தேதி, டி.டி.எஸ்., பி.எச்., பத்துத் தொகுதிகளின் வேர் வளர்ச்சி, படங்கள் இவற்றை முதலில் வையுங்கள். அதன்பின், எந்த வகை நஞ்சைச் சந்தேகிக்கிறீர்கள், ஏன் என்று இரண்டு வரி. அமில பாட்டிலை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பும்போது “கன உலோகங்கள்” என்று பொதுவாக எழுதாமல் உலோகங்களைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். குரோமியத்தை “மொத்தம்”, “அறுவிணைதிறம்” என்று தனித்தனியே கேளுங்கள். அறுவிணைதிற அளவீட்டுக்கு அமிலம் சேர்க்காத தனி பாட்டிலை ஐஸில் வைத்து உடனே கொடுக்க வேண்டும். அமிலத்தில் அது உருமாறிவிடக்கூடும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு மனு கொடுப்பதானால், இரண்டு முடிவுகளையும் சேர்த்தே கொடுங்கள்.

தாமிரக் கரைசலையும் மாதிரி நீரின் மிச்சத்தையும் வாய்க்காலில் ஊற்றாமல், மூடிய கேனில் சேர்த்துக் கல்லூரி ஆய்வகத்தின் கழிவு முறையில் கொடுத்துவிடுங்கள். வெங்காயங்களும் அதே வழியில்தான் போக வேண்டும், உரக்குழிக்கு அல்ல.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை அதே கிணற்றில் எடுங்கள். மழை சில கிணறுகளை நீர்க்கச் செய்யும். கழிவு மேட்டுக்குக் கீழே உள்ள கிணறுகளிலோ மழைக்குப் பிறகுதான் கசிவு வந்து சேரும். எங்கள் பாலாற்றுக் கிணற்றுக்கு மழை முடிந்து நாங்கள் மறுபடி போனபோது உப்பு பாதியாகக் குறைந்திருந்தது. உப்பு நீர்த் தொகுதியில் வேர் தாராளமாக வளர்ந்தது. மாதிரி நீரில் அப்போதும் நகக்கண் அளவுதான்.